பணம் போட்ட பிறகும் டோல்கேட் ஏன் திறப்பதில்லை? ஃபாஸ்டேக் விளக்கம்

நெல்லையிலிருந்து நாலுவழித் தேசிய நெடுஞ்சாலையில் எந்தப் பக்கம் கிளம்பினாலும் முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு டோல்கேட் வந்துவிடும். மதுரைப் பக்கம் என்றால் கயத்தாறை ஒட்டிய சாலைப்புதூர், குமரிப் பக்கம் நாங்குநேரி, தூத்துக்குடிப் பக்கம் வாகைகுளம். நாட்டில் எந்த டோல்கேட்டில் நின்று பார்த்தாலும் தகராறு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஓட்டுகிறவர் "இப்பத்தான் ஐந்நூறு போட்டேன், பாருங்க" என்று போனை நீட்டுவார். பூத்தில் இருப்பவர் "பிளாக்லிஸ்ட்டுன்னு காட்டுது சார்" என்பார். பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்கும்.

பெரும்பாலும் இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். பணம் வங்கிக் கணக்கில் ஏறியிருக்கும், ஆனால் அந்தச் செய்தி கேட்டில் உள்ள கணினிக்கு வந்திருக்காது. இந்த இடைவெளி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், 60 நிமிட விதி, வண்டியைச் சரிபார்க்கும் கேஒய்வி, ஆண்டுப் பாஸ், ஒன்றேகால் மடங்கு என்று அடுத்தடுத்து வந்து மக்களைக் குழப்பிய மாற்றங்களில் பாதிக்கு மேல் தானாகவே விளங்கிவிடும்.

ஒட்டிக்குள் இருப்பது ஒரு எண், அவ்வளவுதான்

ஃபாஸ்டேக்கை கார்டு என்று சொன்னாலும் அது முன்கண்ணாடியில் ஒட்டும் ஒரு ஒட்டி. உள்ளே மெல்லிய உலோக ஆன்டெனாவும் கடுகளவு சிப்பும் இருக்கின்றன. பேட்டரி கிடையாது. டோல்கேட் பாதைக்கு மேலே தொங்கும் ரீடர் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் ரேடியோ அலையை அனுப்புகிறது. அந்த அலையின் சக்தியிலேயே சிப் விழித்துக்கொண்டு, தன் எண்ணை அலையோடு திருப்பி அனுப்புகிறது. ஆர்எஃப்ஐடி என்கிற தொழில்நுட்பம் இதுதான்.

நெல்லையப்பர் கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வாங்கும் டோக்கன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டோக்கனில் எண் இருக்கும், செருப்பு வேறு இடத்தில் இருக்கும். அதே போல உங்கள் பணம் இருப்பது ஒட்டியைக் கொடுத்த வங்கியில். ரீசார்ஜ் செய்யும்போது ஒட்டிக்குள் எதுவும் ஏறுவதில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, ரீடருக்கு ஒட்டி தெரிய வேண்டும். ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், முன்கண்ணாடியின் உட்புறம் நடுவில் ஒட்டச் சொல்வது அதனால்தான். சில விலையுயர்ந்த கார்களின் கண்ணாடியிலேயே வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சு இருக்கும், அது அலையை மறித்துவிடும், அப்படிப்பட்ட வண்டிகளில் கம்பெனி காட்டும் இடத்தில்தான் ஒட்ட வேண்டும். கத்திரி வெயிலில் மாதக்கணக்காகத் தெருவில் நிற்கும் வண்டியில் ஒட்டியின் ஓரம் பெயர்ந்து சுருண்டிருந்தாலும் படிப்பது சிரமம். பூத்திலிருந்து ஒருவர் கைக்கருவியோடு இறங்கி வந்து கண்ணாடியில் ஒட்டாத குறையாகக் காட்டி, இரண்டு மூன்று தடவை முயன்று படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வண்டியில் கோளாறு பெரும்பாலும் ஒட்டியில்தான் இருக்கும், கணக்கில் இருக்காது.

இரண்டாவது, ஒட்டாமல் டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு, கேட் வரும்போது கையில் எடுத்துக் காட்டும் பழக்கம். வீட்டில் இருக்கும் இரண்டு காருக்கும் ஒரே ஒட்டியைப் பயன்படுத்தும் தந்திரம் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. 2025 ஜூலையில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் இதற்கு ஒரு முடிவு கட்டியது: ஒட்டாத ஒட்டியைக் கண்டால் டோல்கேட்காரர்கள் உடனே தெரிவிக்க வேண்டும், அது பிளாக்லிஸ்ட்டில் போய் முடங்கிவிடும்.

கேட் திறப்பதும் பணம் கழிவதும் வேறு வேறு வேலை

வண்டி பாதைக்குள் நுழைந்ததும் நடப்பது இது:

1. ரீடர் ஒட்டியின் எண்ணைப் படிக்கிறது. பக்கத்திலுள்ள சென்சார்கள் வண்டியின் அளவையும் அச்சுகளையும் பார்த்து, காரா, வேனா, லாரியா என்று தனியே கணிக்கின்றன.
2. அந்த எண்ணின் நிலை என்ன என்று டோல்கேட்டின் கணினி பார்க்கிறது. நடப்பில் உள்ளதா, பணம் குறைவா, பிளாக்லிஸ்ட்டா, ஆம்புலன்ஸ் போல விலக்கு பெற்றதா?
3. நிலை சரி என்றால் கேட் திறக்கிறது. கவனியுங்கள், இந்த நொடி வரை உங்கள் கணக்கிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகவில்லை.
4. டோல்கேட்டின் வங்கி இந்தப் பயண விவரத்தை என்பிசிஐக்கு அனுப்புகிறது. யுபிஐயை நடத்தும் அதே தேசிய பணப்பட்டுவாடாக் கழகம்தான் இதற்கும் நடுவில் இருக்கிறது. அது ஒட்டி கொடுத்த வங்கிக்கு அனுப்ப, அந்த வங்கி பணத்தைக் கழித்துக்கொண்டு எஸ்எம்எஸ் அனுப்புகிறது.

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் சில நொடியும் ஆகலாம், டோல்கேட்டில் இணைய இணைப்பு படுத்துக்கொண்டால் மணிக்கணக்கிலும் ஆகலாம். சாயங்காலம் சாலைப்புதூரைத் தாண்டியவருக்கு ராத்திரி படுக்கப் போகும்போது எஸ்எம்எஸ் வருவது இதனால்தான். அது புதிதாக ஒரு தடவை பிடித்த பணம் இல்லை. எஸ்எம்எஸ்ஸிலோ வங்கிச் செயலியிலோ ரீடர் படித்த நேரம் தனியாக இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது படியில்தான் வரிசைத் தகராறு எல்லாம் பிறக்கிறது. முன்பெல்லாம் டோல்கேட் கணினி பிளாக்லிஸ்ட் பட்டியலை ஒரு கோப்பாக அவ்வப்போது இறக்கி வைத்துக்கொண்டு அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கும். நீங்கள் வரிசையில் நின்றபடி பணம் போட்டால், வங்கி உடனே உங்கள் ஒட்டியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டாலும் கேட்டில் இருக்கும் பட்டியல் பழையதாகவே இருக்கும். இப்போது தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டுகள் நிலையை அந்த நேரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளும் புதிய முறைக்கு மாறிவிட்டன, மாநில நெடுஞ்சாலைகளில் சில பழைய முறையிலேயே இருந்தன. புதிய முறையிலும்கூட, ஒட்டி கொடுத்த வங்கி தன் பக்கத்தில் நிலையை மாற்றி என்பிசிஐக்குச் சொல்ல வேண்டும், அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கத்தான் செய்யும்.

அந்த 60 நிமிடம், 10 நிமிடம்

2025 பிப்ரவரி 17 முதல் நடப்புக்கு வந்த என்பிசிஐ சுற்றறிக்கை இது. டோல்கேட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பணம் போடாவிட்டால் இரட்டிப்புக் கட்டணம் என்று அப்போது வாட்ஸ்அப்பில் பரவியது, இன்னும் சிலர் அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சுற்றறிக்கை சொல்வது வேறு. ரீடர் படித்த நேரத்துக்கு 60 நிமிடத்துக்கு மேலாக ஒட்டி முடங்கியிருந்து, படித்த பிறகு 10 நிமிடம் வரையிலும் முடங்கியே இருந்தால், டோல்கேட்டின் வங்கி அனுப்பும் பணக் கோரிக்கை 176 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்பப்படும். இந்த முழு நேரமும் முடங்கியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதாவது இது இரண்டு வங்கிகளுக்கு நடுவிலான வழக்கைத் தீர்க்கும் விதி: தாமதமாக வந்த கோரிக்கைக்கு யார் பொறுப்பு? வாடிக்கையாளரின் பயணத்தை இது பாதிக்காது என்று நெடுஞ்சாலை ஆணையமும் விளக்கம் கொடுத்தது.

ஆனாலும் ஒன்று. பத்து நிமிட அவகாசம் இருக்கிறதே என்று கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு பணம் போடுவது வேலைக்கு ஆகாது. கேட் பார்ப்பது அந்த நொடியில் உள்ள நிலையை. கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரியே இருப்பைப் பார்த்துவிடுவது நல்லது. இருப்பு குறைந்தால் தானே நிரப்பிக்கொள்ளும் வசதிக்கு ரிசர்வ் வங்கி 2024இல் வழிசெய்தது, அடிக்கடி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அதைப் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

பணம் இருந்தும் பிளாக்லிஸ்ட் ஏன்?

பணக்குறைவு ஒரு காரணம் மட்டுமே. மற்றவை:

1. அதே வண்டிக்கு இன்னொரு ஒட்டி வாங்கியிருப்பீர்கள். ஒரு வண்டிக்கு ஒரு ஒட்டி என்பது விதி, கடைசியாக வாங்கியதுதான் செல்லும். கண்ணாடியில் பழையது ஒட்டியிருக்க, செயலியில் புதியதில் பணம் போட்டுக்கொண்டிருப்பார்கள். இது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது.
2. புதுக் கார் ஷோரூமிலிருந்து வந்தபோது சேஸிஸ் எண்ணை வைத்துப் பதிந்த ஒட்டி. பதிவு எண் வந்த பிறகும் வங்கியில் மாற்றாமலே விட்டிருப்பார்கள்.
3. கேஒய்சி, அதாவது உரிமையாளர் பற்றிய அடையாளச் சரிபார்ப்பு, முடியாமல் இருப்பது.
4. கேஒய்வி, அதாவது வண்டி பற்றிய சரிபார்ப்பு. ஆர்சி புத்தகம், ஒட்டி தெரியும்படி எடுத்த வண்டியின் படம் என்று வங்கிகள் கேட்டுக்கொண்டே இருந்தது பெரிய தொல்லையாக இருந்தது. 2026 பிப்ரவரி 1 முதல் கார், ஜீப், வேன் வகைக்குப் புதிதாக ஒட்டி வாங்கும்போது இது தேவையில்லை என்று ஆணையம் அறிவித்தது. பழைய ஒட்டிகளுக்கும் வழக்கமாகக் கேட்பதில்லை, ஒட்டாமல் வைத்திருப்பது, தவறான வகையில் கொடுத்தது என்று புகார் வந்தால்தான்.
5. ஒட்டி கொடுத்த நிறுவனத்திலேயே சிக்கல். பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியின் ஒட்டிகளில் 2024 மார்ச் 15க்குப் பிறகு பணம் போட முடியாது என்று ரிசர்வ் வங்கி நிறுத்தியது. இருந்த பணத்தைச் செலவழிக்க மட்டும் அப்போது விட்டார்கள், அவ்வளவுதான்.

இதில் ஒன்றைக்கூட பூத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளால் சரிசெய்ய முடியாது. அவரிடம் சத்தம் போடுவது வீண்.

இரட்டிப்பு, ஒன்றேகால், சில நேரம் இலவசம்

2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைகளில் செல்லத்தக்க ஃபாஸ்டேக் இல்லாத வண்டிக்கு இரட்டிப்புக் கட்டணம் என்று ஆனது. 2025 நவம்பர் 15 முதல் இதில் ஒரு சலுகை சேர்ந்தது: ரொக்கமாகக் கொடுத்தால் இரட்டிப்பு, யுபிஐயில் கொடுத்தால் ஒன்றேகால் மடங்கு. அன்றைய கணக்கில் 100 ரூபாய் டோலுக்கு ரொக்கம் 200, யுபிஐ 125. ஒட்டி வேலை செய்யவில்லை என்றால் வாதாடிக்கொண்டிருக்காமல் யுபிஐ ஸ்கேனரைக் கேளுங்கள், ஐந்து நிமிடச் சண்டைக்கு 25 ரூபாய் அதிகமில்லை.

சண்டை போட நியாயம் இருக்கிற இடம் வேறு. உங்கள் ஒட்டி நடப்பில் இருக்கிறது, கணக்கில் போதிய பணம் இருக்கிறது, டோல்கேட்டின் கருவிதான் பழுது என்றால், ஒரு பைசா கொடுக்காமல் போகலாம், பூஜ்யம் ரூபாய்க்கு ஒரு ரசீதும் தர வேண்டும். 2018லிருந்தே கட்டண விதியில் இது இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குகிறவர்கள்தான் குறைவு.

இதே போல இன்னொன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது: மஞ்சள் கோட்டைத் தாண்டி 100 மீட்டருக்கு மேல் வரிசை நின்றால் இலவசம் என்பது. 2021இல் ஆணையம் அப்படி ஒரு வழிகாட்டுதலைக் கொடுத்தது உண்மை. 2024இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். தைப்பொங்கல் முடிந்து எல்லாரும் சென்னைக்குத் திரும்பும் ராத்திரியில் இதைச் சொல்லி வாதாடிப் பலன் இல்லை.

திரும்பி வரும் சலுகையா, மாதப் பாஸா, ஆண்டுப் பாஸா?

ஒரே டோல்கேட்டை 24 மணி நேரத்துக்குள் போக வரக் கடந்தால் மொத்தம் ஒன்றரை மடங்குதான் கட்டணம். ஃபாஸ்டேக்கில் இதற்கு எதுவும் கேட்க வேண்டியதில்லை, திரும்பி வரும்போது பாதியைத்தான் கழிக்கும். பாளையங்கோட்டையிலிருந்து காலையில் கன்னியாகுமரி போய்ச் சாயங்காலம் திரும்பினால் நாங்குநேரியில் முதலில் முழுக் கட்டணம், அப்புறம் அரை.

ஆண்டுப் பாஸ் 2025 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. அறிமுக விலை 3,000 ரூபாய், 200 பயணம் அல்லது ஓராண்டு, எது முதலில் முடிகிறதோ அதுவரை. இருக்கிற ஒட்டியின் மேலேயே ராஜ்மார்க் யாத்ரா செயலியிலோ ஆணையத்தின் தளத்திலோ வாங்கிக்கொள்ளலாம். குழப்பம் வருவது பயணம் என்பதை எப்படி எண்ணுகிறார்கள் என்பதில். நம் பக்கத்து டோல்கேட்டுகளில் ஒரு தடவை கடந்தால் ஒரு பயணம். நெல்லையிலிருந்து மதுரைக்குச் சாலைப்புதூர், சாத்தூரை அடுத்த எட்டூர்வட்டம், கப்பலூர் என்று மூன்று, திரும்பி வர மூன்று. ஆக ஒரு மதுரைப் பயணத்துக்கு ஆறு கழியும், 200க்கு 33 தடவை போய்வரலாம்.

கட்டுமா? டோல் சராசரியாக 100 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஒரே நாளில் போய்த் திரும்புகிறவருக்கு 24 மணி நேரச் சலுகையில் ஏற்கெனவே சராசரி 75 ரூபாய்தான் ஆகிறது. அறிமுக விலையான 3,000ஐ 75ஆல் வகுத்தால் 40. அதாவது ஆண்டுக்கு ஏழு தடவை மதுரை போய்வருகிறவருக்குப் பாஸ் போட்ட பணம் வந்துவிடும், அதற்கு மேல் போவதெல்லாம் லாபம். ஒரு பயணத்துக்கு 15 ரூபாய் என்று அப்போது விளம்பரம் செய்தார்கள், 200ஐயும் முழுதாக ஓட்டித் தீர்க்கிறவருக்குத்தான் அந்தக் கணக்கு. வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வருகிறவருக்கு அது பொருந்தாது.

டோல்கேட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர்களின் கணக்கு முற்றிலும் வேறு. நாங்குநேரியில் வீடு, திருநெல்வேலியில் வேலை, தினமும் கேட்டை இரண்டு தடவை கடக்க வேண்டும் என்றால் ஆண்டுப் பாஸின் 200 பயணம் 100 நாளில் தீர்ந்துவிடும். இவர்களுக்காகவே 2008ஆம் ஆண்டுக் கட்டண விதியில் உள்ளூர் மாதப் பாஸ் இருக்கிறது. டோல்கேட்டிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வசிக்கும், வணிகப் பயன்பாட்டில் இல்லாத வண்டிக்கு மாதம் ஒரே தொகை. 2007-08 அடிப்படையில் 150 ரூபாயாக வைத்து, ஆண்டுதோறும் ஏற்றி, 2025-26இல் 350 ரூபாய். 100 நாளுக்கு நாலு மாதப் பாஸ் எடுத்தாலும் 1,400தான் ஆகிறது, 3,000 எங்கே இது எங்கே. முகவரிச் சான்றோடு டோல்கேட் அலுவலகத்தில் கேட்க வேண்டும். சர்வீஸ் சாலையோ மாற்றுச் சாலையோ இருந்தால் இந்தப் பாஸ் கிடையாது என்றும், அடுத்த டோல்கேட்டைத் தாண்டிச் செல்லாது என்றும் விதியில் இருக்கிறது, பிரச்சினை வந்தால் அங்கேதான் வரும். உள்ளூர் வண்டிக்கு எதற்குக் கட்டணம் என்ற கேள்வி இந்தப் பாஸால் தீர்ந்துவிடவில்லை, கப்பலூரில் திருமங்கலத்துக்காரர்கள் பல ஆண்டுகளாக நடத்திய போராட்டமே அதற்குச் சாட்சி.

ஆண்டுப் பாஸில் இன்னும் சில விஷயம், சுருக்கமாக: டி-போர்டு வண்டிக்குக் கிடையாது. மாநில அரசு அமைப்புகள் நடத்தும் டோல்கேட்டில் செல்லாது, அங்கே சாதாரண ஃபாஸ்டேக் போலப் பணம் கழியும், அதனால் பாஸ் இருந்தாலும் கணக்கில் கொஞ்சம் இருப்பு வேண்டும். ஒரு வண்டிக்கு வாங்கியதை இன்னொரு வண்டிக்கு மாற்ற முடியாது, பணமும் திரும்பக் கிடைக்காது. சேஸிஸ் எண்ணில் மட்டும் பதிந்திருக்கும் ஒட்டிக்குப் பாஸ் தரமாட்டார்கள்.

கார் வீட்டில் நிற்கிறது, எஸ்எம்எஸ் வருகிறது

வண்ணார்பேட்டையில் வீட்டு வாசலில் வண்டி நிற்க, எங்கோ இருக்கிற டோல்கேட்டில் பணம் பிடித்ததாகச் செய்தி வந்தால் ஒட்டியை யாரோ நகல் எடுத்துவிட்டார்கள் என்று பயப்படுகிறார்கள். பெரும்பாலும் விஷயம் அவ்வளவு பெரியது இல்லை. வேறொரு வண்டியின் ஒட்டி ரீடரில் படியவில்லை என்றால் பூத்தில் இருப்பவர் வண்டி எண்ணைக் கையால் தட்டுவார். ஒரு எழுத்தோ எண்ணோ மாறிவிட்டால் பணம் உங்கள் கணக்கில் கழிந்துவிடும். இப்படித் தவறாகப் பதிந்த டோல் வசூல் நிறுவனங்களுக்கு ஒவ்வொரு தவறுக்கும் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட ஆரம்பித்த பிறகு இந்த வகைப் புகார் குறைந்தது என்று ஆணையம் சொன்னது.

பணத்தைத் திரும்பப் பெற யாரிடம் போவது? ஒட்டி கொடுத்த வங்கியிடம். எஸ்எம்எஸ்ஸில் வந்த டோல்கேட் பெயர் நெல்லையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், அந்த டோல்கேட்டின் எண்ணைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் வங்கிதான் என்பிசிஐ வழியாக அந்தப் பக்கத்து வங்கியிடம் கேள்வி கேட்க முடியும். அவர்கள் பாதைக் கேமராவில் பதிந்த வண்டியின் படத்தைக் காட்ட வேண்டும், அதில் இருப்பது உங்கள் வண்டி இல்லை என்றால் பணம் திரும்பும். கால வரம்பு உண்டு என்பதால் எஸ்எம்எஸ் வந்த அன்றே செயலியில் புகார் போட்டு, புகார் எண்ணைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கி அசையவில்லை என்றால் நெடுஞ்சாலை உதவி எண் 1033.

ஒரே டோல்கேட்டில் இரண்டு தடவை கழிந்தது, கார் என்பதை வேனாக எண்ணிக் கூடுதலாகப் பிடித்தது ஆகியவற்றுக்கும் இதே வழிதான்.

காரை விற்கும்போது மட்டும் புகாருக்கு இடமில்லாமல் பணம் போகும். ஆர்சியில் பெயர் மாற்றினால் ஒட்டியின் கணக்கு தானாக மாறாது. வாங்கியவர் உங்கள் ஒட்டியோடு எத்தனை டோல்கேட்டைக் கடந்தாலும் அத்தனையும் உங்கள் கணக்கில்தான் விழும், படத்திலும் அதே வண்டிதான் இருக்கும், வங்கியிடம் என்ன சொல்ல முடியும்? வண்டியை ஒப்படைக்கும் முன்பே ஒட்டியைக் கிழித்து எடுத்துவிட்டு, வங்கிக்கு எழுதிக் கணக்கை மூடச் சொல்லி, மிச்சப் பணத்தையும் டெபாசிட் கட்டியிருந்தால் அதையும் கேட்டு வாங்கிவிட வேண்டும்.